நக்கவாரத்து நல்லாயர் ஜான் ரிச்சர்ட்சன்

லம்பா லைனில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார்க்கு விமானத்தின் ஓசை புதிதன்று. கூரைகளுக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும் அவ்வூர்தியைக் குழந்தைகளும் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆயின், அந்த ஓடுபாதை முதன்முதல் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தோர் நம்முள் சிலரே. 1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை இந்நகரில் இறங்கிற்று. அன்று போர்ட் பிளேர் என வழங்கிய இந்நகர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வந்த படையினர் லம்பா லைன் நிலத்தில் விமானத் தளம் அமைக்கத் தலைப்பட்டனர். கூலிக்கு ஆள் அமர்த்தி அமைத்தாரல்லர்; ஊர்தோறும் ஆட்களைப் பிடித்து வந்து, அடித்தும் உதைத்தும் வேலை வாங்கினர். நாம் குடியிருக்கும் இம்மண்ணில் அவர்தம் கண்ணீர் கலந்துள்ளது.

இதே படை இதே முறையில் மற்றொரு விமானத் தளத்தையும் அமைத்தது. அது நமக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கார் நிக்கோபார் தீவில். அங்கே மக்கள் பட்ட பாடு நம் நகரத்தார் பட்டதினும் குறைந்ததன்று. அத்துன்பத்தின் நடுவே அம்மக்களோடு நின்று, அவர்களோடு அழுது, பின்னர் அவர்களை எழுப்பி நிறுத்தியவர் ஒருவர். அவரே அத்தியட்சர் ஜான் ரிச்சர்ட்சன். நிக்கோபார் மக்களுள் பிறந்து, அம்மக்களுக்கு ஆசிரியராய், குருவாய், தலைவராய், இந்திய நாடாளுமன்றத்தில் அவர்தம் வாயாய் விளங்கியவர். அந்தமான் நிக்கோபாரில் அவர் பெயர் அறியாதார் இலர். ஆயினும் அவருடைய வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார் என்பதை நம்மவர் பலர் அறியார். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் இவ்வரலாற்றை எழுத அதுவே போதிய காரணமாகும்.

நிக்கோபாருக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. முதலாம் இராசேந்திரன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டு அவன் கடல் கடந்து கொண்ட நாடுகளுள் மாநக்கவாரத்தையும் குறிக்கிறது. அந்த நக்கவாரமே இன்றைய நிக்கோபார் என்பது வரலாற்றாசிரியர் கொள்கை. பிற்காலத்தில் தென்மார்க்கு நாட்டார் நம் தரங்கம்பாடியில் இருந்துகொண்டு 1756-இல் இத்தீவுகளைத் தமதென்று கூறினர். 1768-இல் மொராவியச் சபையைச் சேர்ந்த தொண்டர்கள் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டு நன்கௌரித் தீவில் குடியேறினார்கள். கிறித்தவ சமயத்தைப் பரப்பும் நோக்கம் அவர்களுடையது. ஆனால் காய்ச்சல் அவர்களை ஒருவர் பின் ஒருவராக மண்ணுக்குள் அனுப்பிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடியும் தம் சமயத்துக்கு அங்கே வேர் பிடிக்கச் செய்ய இயலாமல், 1787-இல் எஞ்சியோர் கைவிட்டுத் திரும்பினர். வெறும் முயற்சியின் கணக்கைப் பார்த்தால் இது முழுத் தோல்வி. தோல்வி என்றே எழுதி முடித்தவர்களும் உண்டு. 1869-இல் பிரிட்டிஷார் இத்தீவுகளைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்த பின்னும் நெடுங்காலம் நிலைமை மாறவில்லை.

கார் நிக்கோபார் சிறிய தீவு. மலையோ ஆறோ பெரிதாக இல்லை. சில ஆயிரம் மக்களே அங்கு வாழ்ந்தனர். தென்னையே அவர்தம் செல்வம், தேங்காயே நாணயம். கடல்வழி வந்த வணிகர்களிடம் தேங்காயைக் கொடுத்துத் துணியும் அரிசியும் பெற்றனர். நிலமும் தோப்பும் தனி மனிதருக்கு உரியன அல்ல. துகெத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்கே உரியன. விருந்தும் படகுப் போட்டியும் அவர்களுக்கு உயிர். இவ்வளவும் நம் மனத்துக்கு இனியனவே. ஆயினும் ஆவிகளைப் பற்றிய அச்சம் அம்மக்களை இரவும் பகலும் ஆட்டிப் படைத்தது. நோய் வரின் ஆவி; புயல் வரின் ஆவி; பிள்ளை இறப்பின் ஆவி. ஒருவனிடம் தீய ஆவி குடிகொண்டதென ஊரார் முடிவு கட்டினால் அவனைக் கூடிக் கொன்றுவிடும் வழக்கமும் இருந்தது. பேய்க்கொலை என்று அரசாங்க ஏடுகள் அதனைக் குறித்துள்ளன.

அத்தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்று தங்கியவர் வேதப்பன் சாலமோன். சென்னைப் பக்கத்துத் தமிழ்க் கிறித்தவர். ஆங்கிலத் திருச்சபையின் உபதேசியார். அரசாங்கம் அவரை முகவராகவும் அமர்த்தியது. வடகோடியில் உள்ள மூஸ் என்னும் ஊரில் அவர் வாழ்ந்தார். நோயுற்றோர்க்கு மருந்து கொடுத்தார், வழக்குகளைத் தீர்த்தார், சிறுவர்களைக் கூட்டிப் பள்ளி நடத்தினார். நாள்தோறும் நடந்தவற்றை நாட்குறிப்பாக எழுதிவைத்தார். அக்குறிப்பின் பகுதிகளை அந்நாளைய தலைமை ஆணையர் ரிச்சர்டு டெம்பிள் அச்சில் வெளியிட்டார். கார் நிக்கோபாரின் பழைய வாழ்க்கையை ஆராய்வோர் இன்றும் அத்தமிழரின் குறிப்புகளைத் தேடிப் படிக்கின்றனர். கப்பல் எப்போதோ ஒருமுறை வரும். அடுத்த வீட்டில் தமிழ் பேசுவார் இலர். பேய்க்கொலைகளைக் கண்முன் கண்டும் அவர் தீவை விட்டு ஓடவில்லை. கடல் கடந்து வந்து குடியேறிய நமக்கு, சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் சிற்சில வேளைகளில் தனிமை உறுத்துகிறது. அவருடைய தனிமையை ஒருவாறு எண்ணிப் பார்க்கலாம்.

மூஸ் ஊரில் 1884-இல் பிறந்த சிறுவன் ஒருவன் அப்பள்ளியில் வந்து சேர்ந்தான். ஹா செவ் கா என்பது அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர். அறிவுக் கூர்மையும் அடக்கமும் உடைய அச்சிறுவனைச் சாலமோன் கண்டுகொண்டார். கல்வி பெறும்பொருட்டு அவன் பர்மாவில் மாந்தளை நகருக்கு அனுப்பப்பட்டான். அங்கே ஆங்கிலத் திருச்சபையார் நடத்திய பள்ளியில் பயின்றான். ஹா செவ் கா ஜான் ரிச்சர்ட்சன் ஆனான். தென்னையும் கடலும் அன்றி வேறறியாத தீவுப் பிள்ளைக்கு அரண்மனையும் அங்காடியும் புகைவண்டியும் நிறைந்த மாந்தளை எவ்வளவு வியப்பாய் இருந்திருக்கும்! கற்றவன் நகரத்திலேயே தங்கிவிடுவது உலக இயல்பு. நம் ஊர்களிலும் நாள்தோறும் காண்கிறோம். ரிச்சர்ட்சன் அவ்வாறு செய்யவில்லை. 1912-இல் தம் தீவுக்கே திரும்பினார்.

திரும்பியபோது ஆசிரியர் இல்லை. சாலமோன் 1909-இல் மறைந்துவிட்டார். தாம் இட்ட விதை முளைத்ததைக் கண்ணால் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அவர் காலத்தில் கிறித்தவரானோர் மிகச் சிலர். ஆசிரியர் இருந்த இடத்தில் மாணவர் அமர்ந்தார். மூஸ் பள்ளி மீண்டும் நடந்தது. ரிச்சர்ட்சன் பிள்ளைகளுக்கு எழுத்தோடு கால்பந்தாட்டத்தையும் கற்பித்தார். மாந்தளையில் தாம் கற்ற அவ்விளையாட்டை அவர் தீவில் புகுத்த, அது ஊரெங்கும் பரவிற்று. நிக்கோபார் இளைஞர்கள் கால்பந்தில் காட்டும் திறமையை நம் ஆடுகளங்களில் கண்டு மகிழ்ந்தோர் அதன் மூலவரையும் ஒருகணம் நினைத்தல் நன்று.

அக்காலத்தில் பர்மாவில் தொண்டாற்றிய ஜார்ஜ் வொயிட்ஹெட் என்னும் குருவானவர் கார் நிக்கோபாருக்கு வந்தார். எழுத்தே இல்லாத மொழி அது. இருவரும் அமர்ந்து அம்மொழியின் சொற்களை ஒவ்வொன்றாக ரோமன் எழுத்தில் குறித்தனர். 1925-இல் ரங்கூனில் வெளிவந்த வொயிட்ஹெட்டின் கார் நிக்கோபாரி அகராதி அவ்வுழைப்பில் விளைந்தது. பின்னர்ப் புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்க்கும் பெரும்பணி ரிச்சர்ட்சனின் வாழ்நாள் பணியாயிற்று. இதன் அருமையைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். கோதுமை வயலைக் காணாத மக்கள். திராட்சைத் தோட்டம் இன்னதென்று அறியாதவர்கள். அரசனும் அரண்மனையும் கதையிலும் கேளாதவர்கள். அவர்களுக்கு அவற்றைச் சொல்லும் நூலை ஆக்கவேண்டும். சொல் உண்டாக்குவதினும் கடினமானது கருத்தை உண்டாக்குவது. அருள் என்றும் கிருபை என்றும் நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். ஆவிக்கு அஞ்சி, அதற்குப் படையலிட்டு, அதனைத் தணித்து வாழ்ந்த மக்களிடம், படையல் கேளாமலே தன்னைத் தரும் தெய்வம் ஒன்று உண்டு என்று சொல்வது எளிதா? வேண்டிய விலையைக் கொடுத்துப் பெறுவதே அவர்கள் அறிந்த வாணிகம். விலையின்றி வருவதை ஐயுறுவது மனித இயல்பு. கடைக்காரர் இனாம் என்றால் நாமும் இருமுறை புரட்டிப் பார்க்கிறோமன்றோ?

1934-இல் ரிச்சர்ட்சன் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை 50. சாலமோன் வந்த நாளிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தும், தீவு மக்களுள் கிறித்தவர் சிறுபான்மையோராகவே இருந்தனர். ரிச்சர்ட்சனை எல்லோரும் மதித்தனர். அவர் சொற்கேட்டுப் பேய்க்கொலைகளும் குறைந்தன. எனினும் மக்களுட் பெரும்பாலோர் பழைய நெறியிலேயே நின்றனர். அவர் வற்புறுத்தி எவரையும் இழுக்கவில்லை. இந்நிலையில் போர் வந்தது.

ஜப்பானியர் தொடக்கத்தில் ஆசியர்க்கு விடுதலை தர வந்தோம் என்று கூறிக்கொண்டனர். அச்சொல் விரைவில் நிறம் மாறிற்று. நம் நகரில் நடந்தவை பலரும் அறிந்தவை. மக்கள் தொண்டர் டாக்டர் திவான் சிங் சிற்றறைச் சிறையில் சித்திரவதை செய்யப்பட்டு 1944 சனவரி 14-இல் உயிர் நீத்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கார் நிக்கோபாரிலோ ஆண்கள் விமானத் தளத்து வேலைக்கு இழுக்கப்பட்டனர். தோட்டப் பயிரும் பன்றியும் கோழியும் படைக்கு உணவாயின. தம் தீவில் தாமே அடிமைகளாயினர் அம்மக்கள். முறையிடுவோர் ரிச்சர்ட்சனிடம் வந்தனர்; அவரிடம் ஆயுதமும் இல்லை, அதிகாரமும் இல்லை. படையினருக்கும் மக்களுக்கும் நடுவே நின்று அடியைக் குறைக்க முயல்வதன்றி அவரால் ஆவதொன்றும் இல்லை. நடுவே நிற்பவனுக்கு இருபுறமும் அடி.

கொடுமையின் உச்சம் போரின் முடிவில் வந்தது. 1945 சூலைத் திங்களில் பிரிட்டிஷ் கடற்படை நிக்கோபார்க் கடலில் தோன்றித் தாக்கியது. தோல்வி நெருங்குவதை உணர்ந்த படைத்தலைவர்கள், தீவு மக்களே பகைவருக்கு ஒளிக்குறி காட்டித் தம் இரகசியத்தை வெளியிட்டனர் என்று குற்றம் சாட்டினர். ஊர் ஊராகப் பிடித்துச் சென்றனர். நீரைக் கொண்டும் நெருப்பைக் கொண்டும் தடியைக் கொண்டும் வதைத்தனர். வதை பொறாதவர் செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டனர். அந்த ஒப்புதலையே சான்றாகக் கொண்டு விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, பலரைக் கொன்றனர். கற்றவர்கள், ஊர்த்தலைவர்கள், நிக்கோபாரில் பணிபுரிந்த இந்தியர்கள் எனப் பலரும் மாண்டனர். ரிச்சர்ட்சன் தம் மகனைப் பறிகொடுத்தார். தாம் எழுத்தறிவித்த மாணவர்களையும் பறிகொடுத்தார். கற்பித்ததே அவர்களுக்குக் கூற்றாயிற்றோ என்று எந்த ஆசிரியர் நெஞ்சும் அந்நேரத்தில் துடித்திருக்கும். படித்தவன் எவனோ அவனே ஒற்றன் என்று படையினர் ஐயுற்ற காலம் அது.

கொல்லப்படவேண்டியோர் வரிசையில் ரிச்சர்ட்சனும் இருந்தார். அவருக்கும் மரணமே விதிக்கப்பட்டது. அதற்குள் 1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் சரணடைந்த செய்தி வந்தது. அவர் உயிர் எஞ்சியது. இக்கொலைகளுக்குக் காரணமான படைத்தலைவரும் அவர் கீழிருந்த சிலரும் 1946-இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். படைத்தலைவருக்கு மரண தண்டனை கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும் பலர், இறுதி நேரத்தில் தெய்வ அருள் ரிச்சர்ட்சனைக் காத்தது என்று கூறி முடித்துவிடுவர். கேட்பதற்கு இனிதே. ஆயின் சற்று நின்று நோக்குக. அவரைக் காத்த அருள் அவருடைய மகனை ஏன் காக்கவில்லை? அச்செய்தி சில நாள் முன்னர் வந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிந்திருக்கும்! உயிர் பிழைத்ததையே அருளுக்கு அளவாகக் கொண்டால், மாண்டவரெல்லாம் அருள் பெறாதவர் என்று ஆகும். மகனை இழந்த ஒரு தந்தையின் முகத்துக்கு நேரே அதனைச் சொல்ல எவர்க்கும் நா எழாது. ரிச்சர்ட்சன் தாமும் அப்படிக் கருதியிருக்க இயலாது என்பது இதனை எழுதுவோன் துணிபு. அவர் மொழிபெயர்த்த நூலின் நடுவில் நிற்பது சிலுவை. அச்சிலுவையில் இருந்து எவரும் இறக்கப்படவில்லை. கிறித்தவர் கூறும் கிருபை துன்பத்தைத் தடுக்கும் மதில் அன்று. துன்பத்தினுள் கூடவே நடந்து வரும் துணை. அவ்வாறே அவர்தம் பெரியோர் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். பிற சமயத்தாராகிய நம்மவரும் இக்கருத்தை அறியாதவர் அல்லர். சுண்ணாம்புக் காளவாயில் இடப்பட்ட அப்பரடிகள் வரலாற்றை நம் தாய்மார் எத்தனை முறை சொல்லியிருக்கின்றனர்! ஆங்கு நெருப்பு குளிர்ந்தது. கார் நிக்கோபாரில் நெருப்பு குளிரவில்லை. குளிராத நெருப்பிலும் அருள் உண்டோ என்பதே இங்கு எழும் கேள்வி. இது கடினமான கேள்வி.

விடையை ரிச்சர்ட்சனுடைய சொல்லில் தேடுவதினும் செயலில் தேடுவதே நன்று. போர் முடிந்தபோது அவருக்கு அகவை 61. மகனை இழந்தவர், உடல் நலிந்தவர், ஊரோ பாழ். ஓய்ந்து ஒரு மூலையில் அமர்ந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். கசப்புற்று, இத்தனை காலம் போதித்ததெல்லாம் வீண் என்று வாய்மூடியிருந்தாலும் நாம் வியப்படைய மாட்டோம். அவர் மீண்டும் பள்ளியைத் திறந்தார். மீண்டும் மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். மீண்டும் ஊர் ஊராக நடந்தார். கணவனை இழந்தோர் வீட்டுக்கும் மகனை இழந்தோர் வீட்டுக்கும் அவர் சென்றபோது, அவரை அயலாராய் எவரும் எண்ணவில்லை. அவர்கள் இழந்ததை அவரும் இழந்திருந்தார். போருக்கு முன் அவர் ஆசிரியர். போருக்குப் பின் உடன்பட்டவர். ஆறுதல் சொல்லும் உரிமையை அவர் விலை கொடுத்துப் பெற்றிருந்தார்.

அதன்பின் நடந்தது வரலாற்றாசிரியரும் வியக்கும் செய்தி. நாற்பது ஐம்பது ஆண்டுகளாய் அசையாதிருந்த தீவு சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முழுவதும் கிறித்தவ சமயத்தைத் தழுவியது. ஊர் ஊராக மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். இதற்குப் பற்பல காரணம் கூறுவர். போரால் பழைய வாழ்க்கை குலைந்தது என்பர். ஆவிகளுக்கு இட்ட படையல் ஜப்பானியரைத் தடுக்கவில்லையாதலின் பழைய நம்பிக்கை தளர்ந்தது என்பர். வென்றவர் சமயத்தின்பால் மக்கள் சாய்வது இயல்பு என்பாரும் உளர். இவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வென்றவர் சமயம் என்ற காரணம் பொருந்துமாறு காணோம். 1869 முதல் ஆண்ட பிரிட்டிஷார் சமயம் அதுவேயாயினும், அத்தனை ஆண்டுகள் மக்கள் அதன்பால் சாய்ந்தாரல்லர். அவர்கள் ஆட்சி இந்நாட்டை விட்டு நீங்கும் காலத்திலன்றோ சாய்ந்தனர்? மக்கள் கண்டது ஒரு கொள்கையை அன்று, ஒரு மனிதரை. தம்மைப் போலவே அடிபட்டு, தம்மைப் போலவே பிள்ளையை இழந்து, எனினும் உடையாமல் எழுந்து நடக்கும் ஒருவரை ஒவ்வொரு நாளும் கண்முன் கண்டனர். இவரைத் தாங்குவது யாது என்று அவர்கள் தம்முள் கேட்டிருப்பர். நாற்பதாண்டு போதனை எழுப்பாத கேள்வியை மூன்றாண்டுத் துன்பம் எழுப்பிற்று.

இதனால் துன்பம் நல்லது என்று எவரேனும் கொள்வாராயின் அது பெரும் பிழை. அக்கொலைகள் கொலைகளே. அவற்றை எந்தப் பயனும் நியாயமாக்காது. கொன்றவரை நீதிமன்றம் தண்டித்தது முறையே. அருள் துன்பத்தைப் படைப்பதில்லை. பிறர் படைத்த துன்பத்திலும் தன் வேலையை நிறுத்துவதில்லை என்ற அளவிலேயே இவ்வரலாறு நமக்குச் சான்றாகிறது.

1950 சனவரியில் ஜான் ரிச்சர்ட்சன் அத்தியட்சராக அபிடேகம் பெற்றார். கல்கத்தாப் பேராயத்தின் துணை அத்தியட்சராக நிக்கோபார் அவர் பொறுப்பில் விடப்பட்டது. நிக்கோபார் மக்களுள் அப்பதவியை எய்திய முதல்வர் அவரே. 1952-இல் முதல் நாடாளுமன்றம் கூடியபோது அந்தமான் நிக்கோபாரின் சார்பில் குடியரசுத் தலைவர் அவரை மக்களவை உறுப்பினராக நியமித்தார். மூஸிலிருந்து தில்லிக்கு அந்நாளில் எவ்வளவு தொலைவு! தீவிலிருந்து நம் நகருக்கு ஒரு கப்பல், நம் நகரிலிருந்து கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ மற்றொரு கப்பல், பின்னர்ப் புகைவண்டி. கப்பலுக்காகத் துறைமுகத்தில் நாட்கணக்கில் காத்துக்கிடந்த நம் மூத்த குடியினர்க்கு அதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. எழுபதை நெருங்கிய முதியவர் அவ்வழியே சென்று, வரைபடத்தில் புள்ளியாய்க் கிடக்கும் தம் தீவுகளுக்காக நாட்டின் பேரவையில் அமர்ந்தார்.

1966-இல் அந்தமான் நிக்கோபார் தனிப் பேராயமாக அமைந்தது. அதன் முதல் அத்தியட்சர் ரிச்சர்ட்சன். 1970-இல் அப்பேராயம் வட இந்தியத் திருச்சபையில் இணைந்தது. இந்திய அரசாங்கம் 1965-இல் பத்மஸ்ரீ விருதும், 1975-இல் பத்மபூஷண் விருதும் அளித்து அவரைச் சிறப்பித்தது. விருதுகளைப் பற்றி நீட்டி எழுதுவது இம்மலரில் வழக்கமாயினும், அவருக்கு அது பொருந்தாது. 1978 சூன் 3-ஆம் நாள், 90 ஆண்டு கடந்த முதுமையில் அவர் உயிர் நீத்தார்.

அவருடைய மக்களுக்கு மற்றுமொரு பெருந்துன்பம் காத்திருந்தது. 2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களைச் சில நிமிடங்களில் துடைத்துச் சென்றது. மலாக்கா ஊர் அழிந்தது. விமானப் படைத்தளத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தளம், அன்று அடிமை உழைப்பால் எழுந்த ஓடுபாதையின் வழிவந்ததே. அவ்வாண்டில் நம் நகரின் முகாம்களில் நிக்கோபார்க் குடும்பங்கள் வந்து தங்கியதையும், நம்மவர் பலர் அரிசியும் துணியும் கொண்டு சென்றதையும் இம்மலரைப் படிப்போர் பலர் நேரில் அறிவர். தீவினர் கடலை விட்டு உள்ளே நகர்ந்து, மேட்டு நிலங்களில் புதிய ஊர்கள் அமைத்தனர். துகெத் முறை அவர்களைச் சிதறாமல் காத்தது. ஆலயங்களை மீண்டும் எழுப்பினர். கூடிப் பாடும் வழக்கத்தையும் விடவில்லை.

கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை இன்று ஜான் ரிச்சர்ட்சன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூஸ் ஊரில் தூய தோமாவின் பெயரால் பேராலயம் ஒன்று உள்ளது. நம் மயிலையோடும் பரங்கிமலையோடும் இணைத்துப் பேசப்படும் அதே தோமா. வேதப்பன் சாலமோன் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்த ஊரும் அந்த மூஸே.